பூச்சி தின்னும் செடிகள்: மொட்டைமாடியில் வளர்ப்பதும் படமெடுப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சென்னையில் ஒரு மொட்டைமாடியில் ஒன்பது வருடமாகப் பூச்சி தின்னும் செடிகளை வளர்க்கிறேன், படமெடுக்கிறேன். மாடிக்கு வந்து பார்த்தவர்களும் படங்களைப் பார்த்தவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. விட்டுப்போன அந்த ஒன்றினாலேயே செடி செத்தும் போகிறது. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பதில்கள் கடலோரத்துச் சூட்டுக்கும் புழுக்கத்துக்கும் பொருந்துபவை.

பூச்சியைத் தின்று வாழும் செடிக்கு வெயில், தண்ணீர் எல்லாம் எதற்கு?

இவையும் மற்றச் செடிகளைப் போல வெயிலில்தான் உணவு சமைக்கின்றன. பூச்சியிலிருந்து எடுப்பது தழைச்சத்து, மணிச்சத்து போன்றவற்றை. இவை பிறந்த இடங்கள் சதுப்பும் ஈர மணலும் வழியும் பாறையும். அங்கே மண்ணில் சத்து கிடையாது, மழை வந்து இருந்ததையும் கழுவிக்கொண்டு போய்விடும். அந்த வறுமையில் பிழைப்பதற்காகத்தான் இலையே பொறியாக மாறியது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிப் பதில்களை நீங்களே சொல்லிவிடலாம். வளமான மண்ணும் உரமும் இவற்றின் வேர்களுக்கு விஷம்.

வீட்டில் கொசு, கரப்பான் தொல்லை தீருமா?

தீராது. ஒரு ஜாடிச் செடி (இலை நுனியில் தொங்கும் ஜாடிக்குள் பூச்சி வழுக்கி விழும் வகை) நாளுக்குச் சில எறும்புகளைப் பிடிக்கும், அவ்வளவுதான். கொசுவுக்காக வாங்குவதாக இருந்தால் வலை வாங்குங்கள்.

விரலை விட்டால் கடிக்குமா? வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. வீனஸ் ஃப்ளைட்ராப் என்பது, பூச்சி தொட்டால் இரண்டு மடலாக இருக்கும் இலைப்பொறி மூடிக்கொள்ளும் செடி. அதன் பிடி விரலில் மெல்லிய காகிதம் அழுத்துவது போலத்தான் இருக்கும். பாதிப்பு செடிக்குத்தான். ஏன் என்பதைக் கீழே வீடியோ பற்றிய கேள்வியில் எழுதியிருக்கிறேன். குழந்தைக்கு ஒரே ஒரு தடவை காட்டுங்கள், பிறகு தொடாமல் பார்க்கப் பழக்குங்கள். பழகிய குழந்தைகள் நம்மைவிடப் பொறுமையாகப் பார்க்கிறார்கள்.

முதல் செடியாக எதை வாங்கலாம்? எனக்கு வீனஸ் ஃப்ளைட்ராப்தான் ஆசை.

எல்லோருக்கும் அதுதான் ஆசை. ஆனால் சென்னையில் முதல் செடியாக அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. நெப்பந்தஸ் வென்ட்ராட்டா என்ற கலப்பின ஜாடிச் செடியில் ஆரம்பியுங்கள். நர்சரிகளில் தொங்கும் தொட்டியில் கிடைக்கும், நம் புழுக்கம் அதற்குப் பிடிக்கும், சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

இரண்டாவதாக டிரோசீரா பர்மானி. இது நம் நாட்டுச் செடி. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தரையோடு படர்ந்து, இலை முழுக்கப் பசைத்துளிகளோடு இருக்கும். இந்த டிரோசீரா வகையை அழுகண்ணி என்று சொல்பவர்கள் உண்டு. துளியோடு நிற்கும் செடியைப் பார்த்தால் அந்தப் பெயரின் பொருத்தம் புரியும். பர்மானி ஓராண்டுச் செடி. பூத்து, விதை உதிர்த்துக் காய்ந்துபோகும். செத்துவிட்டதே என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள், அதே மண்ணில் குஞ்சுகள் முளைக்கும்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். கொஞ்சமாக ஊற்றினால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவை டி.டி.எஸ் என்கிறோம். இந்தச் செடிகளுக்கு அது 50 பி.பி.எம்முக்குக் (பத்து லட்சத்தில் 50 பங்கு) கீழே இருப்பது நல்லது, 100ஐத் தாண்டக் கூடாது. எங்கள் தெருவில் போர் தண்ணீரை அளந்தால் ஆயிரத்துக்கு மேல் காட்டுகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் கொஞ்சமாக ஊற்றினாலும் ஒவ்வொரு நாளும் சேர்ந்துகொண்டே போகும். என் முதல் ஃப்ளைட்ராப் நான்கே மாதத்தில் போனது இப்படித்தான். முதல் இரண்டு மாதம் நன்றாக இருந்ததால் காரணம் தண்ணீர் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆர்.ஓ. தண்ணீர் சரிதானே என்பார்கள். அளந்து பாருங்கள். வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் குடிப்பதற்குச் சுவை வேண்டும் என்று தாது உப்பைத் திரும்பச் சேர்க்கும் அமைப்பு இருக்கிறது. பேனா போன்ற டி.டி.எஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். செடி வாங்கும் முன் அதை வாங்குங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. முதல் கொஞ்ச நேரம் வருவதைக் கீழே விட்டுவிட்டு, அப்புறம் சுத்தமான வாளியில் பிடித்து அளந்துவிட்டு ஊற்றலாம்.

எல்லாவற்றையும் விட மேல், மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மூடி போட்ட டிரம்களில் பிடித்துவைப்பேன். முதல் பத்துப் பதினைந்து நிமிட மழை மாடித் தூசியைக் கழுவிப் போகட்டும், அதற்குப் பிறகு பிடியுங்கள்.

செம்மண், மண்புழு உரம், கொஞ்சம் மணல் கலந்து வைத்திருக்கிறேன். சரியா?

இன்றைக்கே மாற்றிவிடுங்கள். ரோஜாவுக்கு நல்ல கலவை, இதற்குக் கூடாது. பஞ்சகவ்யம், மீன் அமிலம் எதுவும் மண்ணில் ஊற்றக் கூடாது. ஃப்ளைட்ராப்புக்கும் டிரோசீராவுக்கும் பீட் மாஸும் (சதுப்பில் மட்கிய பாசி) பெர்லைட்டும் (சூட்டில் பொரிந்த வெள்ளை எரிமலைக் கல்) சரிபாதி. இந்தத் தொட்டிகளை, கொஞ்சம் தண்ணீர் நிறுத்திய ட்ரேயில் வையுங்கள். ஜாடிச் செடிக்குக் காற்றோட்டம் வேண்டும். ஸ்பாக்னம் (சதுப்பில் வளரும்) பாசியோடு பெர்லைட்டும் தேங்காய் மட்டைத் துண்டும் கலந்து, கையில் அழுத்தினால் பொலபொலவென்று இருக்கிற மாதிரி வையுங்கள். தொட்டி பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். மண்தொட்டியின் சுவரில் உப்பு ஏறிப் படியும்.

கோகோபீட் போதாதா? பீட் மாஸ் விலை அதிகமாக இருக்கிறதே.

போதும், ஆனால் உழைப்பு கேட்கும். தேங்காய் நாரில் இயல்பாகவே உப்பு இருக்கிறது. மேலே சொன்ன நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த நீரை மீட்டரில் அளந்து, 50க்குக் கீழே வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். எனக்கு ஏழெட்டுத் தடவை ஆகும். மட்டைத் துண்டுக்கும் இதே கழுவல்தான். ஜாடிச் செடிக்கு இப்படிக் கழுவிய கோகோபீட் நன்றாகவே வேலை செய்கிறது, ஃப்ளைட்ராப்புக்கு எனக்குத் திருப்தியாக வந்ததில்லை.

மே மாத வெயிலில் கருகிவிடாதா?

இலையைவிட வேர்தான் முதலில் வேகும். கறுப்புத் தொட்டி கான்கிரீட் தளத்தின் மேல் நின்றால் மதியம் கைவைக்க முடியாது. மீன் கடையில் கிடைக்கும் தெர்மோகோல் பெட்டியைக் கழுவி, அதற்குள் தொட்டிகளை நெருக்கமாக வையுங்கள். சூடு வேர் வரை போவது நன்றாகக் குறைகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை 50 சதவீத நிழல்வலை போடுவேன். மற்ற மாதங்களில் டிரோசீராவுக்கும் ஃப்ளைட்ராப்புக்கும் நேர் வெயில், வென்ட்ராட்டாவுக்குக் காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம். டிரோசீரா சிவந்தால் நல்ல வெளிச்சம் கிடைக்கிறது என்று அர்த்தம். வெளிறிப் பச்சையாக நீண்டால் போதவில்லை.

ட்ரேயில் தண்ணீர் நிறுத்தச் சொல்கிறீர்கள், அதில் கொசு முட்டையிடுகிறது. மாநகராட்சி ஆட்கள் வந்தால் என்ன சொல்வது?

அவர்கள் கேட்பது நியாயம்தான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட சின்னச் சின்னத் தேக்கத்தில்தான் பெருகுகிறது. புழு கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதனால் ட்ரேயில் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நிறுத்தாமல், நான்கு நாளுக்கு ஒருமுறை கொட்டித் துடைத்துப் புதிதாக ஊற்றுங்கள். மழை டிரம்முக்கு மூடியோடு கொசுவலையும் கட்டுங்கள். செடி வளர்க்கிற ஆசைக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் காய்ச்சலில் படுக்கக் கூடாது. ஜாடிச் செடியை ட்ரேயில் நிறுத்தவே வேண்டாம், மேலேயிருந்து ஊற்றி வடியவிட்டால் போதும்.

ஜாடிச் செடியில் இலை இலையாக வருகிறது, ஜாடியைக் காணோம்.

இலை நுனியில் நீளும் இழையின் முனை லேசாக வீங்கி, அப்படியே கருகிவிடுகிறதா? அப்படியென்றால் காற்றில் ஈரம் போதவில்லை. ஏ.சி. அறையில் வைத்தவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். முனை வீங்கவே இல்லையென்றால் வெளிச்சம் போதவில்லை. இலை மட்டும் கரும்பச்சையாகக் கொழுத்திருந்தால் யாரோ உரம் போட்டிருக்கிறார்கள். சத்து வேரிலேயே கிடைத்தால் ஜாடி கட்ட அதற்கு என்ன தேவை?

இடம் மாற்றிய பிறகு பழைய இலைகளைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். அடுத்து வரும் மூன்றாவது நான்காவது இலையைப் பாருங்கள். அதற்கே இரண்டு மாதம் ஆகலாம்.

என்ன ஊட்டலாம்? சிக்கன் துண்டு போட்டேன், இலை கறுத்துவிட்டது.

இறைச்சி, சோறு, பால் எதுவும் வேண்டாம், அழுகிப் பூஞ்சை வரும். மாடியில் இருக்கும் செடி தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். வீட்டுக்குள் இருந்தால் அலங்கார மீன் கடையில் விற்கும் காய்ந்த ரத்தப்புழுவை நனைத்து, டிரோசீரா இலைக்கு ஒரு துணுக்கு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

ஃப்ளைட்ராப்புக்கு ஒரு விஷயம் கூடுதலாக உண்டு. பொறி மூடிய பிறகும் உள்ளே பூச்சி துடித்து உணர்முடிகளைத் தொடர்ந்து தொட்டால்தான் செரிமான நீர் சுரக்கும். செத்த புழுவைப் போட்டால், மூடிய பொறியை வெளியிலிருந்து விரலால் மெதுவாக ஒரு நிமிடம் நீவிவிடுங்கள். பொறியின் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள்.

அப்படியென்றால் ஃப்ளைட்ராப்பைச் சென்னையில் வளர்க்கவே முடியாதா? ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்கிறார்களே, நிஜமாகவா?

நிஜம்தான். அதன் சொந்த ஊர் அமெரிக்காவில் வட, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சமவெளி. உலகத்தில் வேறெங்கும் அது இயற்கையாக வளரவில்லை. அங்கே மூன்று நான்கு மாதம் குளிர்காலம், செடி கிழங்கோடு சுருங்கித் தூங்கும். நம் ஊரில் ஜனவரி இரவுகூட அதற்குக் குளிர் இல்லை. தூக்கமே இல்லாமல் வளர்த்தால் சிறுத்துச் சிறுத்துப் போய்விடுகிறது.

டிசம்பர் தொடக்கத்தில் செடியை எடுத்து, மண்ணைக் கழுவி, காய்ந்த இலைகளை வெட்டி, பூஞ்சைக்கொல்லித் தண்ணீரில் முக்கி, பிழிந்த ஸ்பாக்னம் பாசியில் சுற்றி, ஜிப் கவரில் போட்டுக் காய்கறித் தட்டில் வைக்கிறேன். பெயர் எழுதி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது கீரை என்று நினைத்துவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து பூஞ்சை பார்க்க வேண்டும். பிப்ரவரி கடைசியில் மறுபடி நடவு. என்னிடம் ஒரு செடி இப்படி ஆறு குளிர்காலத்தைத் தாண்டியிருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்த வேலையெல்லாம் இல்லை, வெளியிலேயே தூங்கும்.

விதை மலிவாகக் கிடைக்கிறது. நீல நிற ஃப்ளைட்ராப் விதைகூட இருக்கிறதே?

நீல ஃப்ளைட்ராப் என்று ஒன்று கிடையாது, அது நிறம் மாற்றிய படம். உண்மையான விதை கறுப்பாக, பளபளப்பாக, கடுகைவிடச் சிறிதாக இருக்கும். அதுவும் முளைத்து முழுச்செடியாக மூன்று நான்கு வருடம். செடியாகவே வாங்குங்கள்.

பெரிய கேமரா இல்லை, போன்தான். அந்தப் பசைத்துளி மின்னும் படம் எடுக்க முடியுமா?

முடியும். என் படங்களில் பாதி, போனில் கிளிப் மேக்ரோ லென்ஸ் (மிக நெருக்கத்தில் எடுக்க உதவுவது) மாட்டி எடுத்தவை. துளி மின்னுவது லென்ஸால் வருவதில்லை, வெளிச்சம் வரும் திசையால் வருகிறது. காலை ஏழு மணிக்குச் சாய்வாக வரும் வெயில் செடிக்குப் பின்னால் இருக்கும்படி உட்காருங்கள். செடிக்கும் வெயிலுக்கும் நடுவே படாமல், பின்னணியில் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு கறுப்புச் சார்ட் தாள். அவ்வளவுதான், ஒவ்வொரு துளியும் தனித்தனி விளக்காக எரியும். போனின் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், அது துளியைத் தட்டையான வெள்ளைப் புள்ளியாக்கும்.

மேக்ரோவில் தெளிவாக விழும் ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். மாடிக்காற்றில் அது நிற்காது. தொட்டியை உள்ளே ஜன்னலோரம் கொண்டுவாருங்கள். போனைப் புத்தக அடுக்கின் மேலாவது ஊன்றி, இரண்டு நொடி டைமர் வையுங்கள். திரையை விரலால் தொட்டுப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, வெளிச்சத்தை ஒரு படி குறையுங்கள். பூவைப் படமெடுப்பவர்கள் போலத் தண்ணீர் தெளிக்கவே தெளிக்காதீர்கள். பசை கழுவிப்போய்விடும், திரும்பச் சுரக்க ஒன்றிரண்டு நாளாகும்.

ஜாடிச் செடிக்கு நேர் எதிர். அதன் விளிம்பு நனைந்திருக்கும்போதுதான் எறும்பு வழுக்கி விழுகிறது. மழை விட்ட காலையில், அந்த வரிவரியான விளிம்பின் மேல் தண்ணீர்ப்படலம் இருக்கும்போது எடுத்த படத்தில், பொறி வேலை செய்வதே தெரியும். வெயிலைப் பின்னால் வைத்தால் உள்ளே நீர் நிற்கும் மட்டமும், அதில் கிடக்கும் எறும்புகளின் நிழலும் சுவர் வழியாகத் தெரியும். நான் அதிகமாக விரும்பி எடுப்பது இதைத்தான்.

என் செடி படத்தில் கத்திரிப்பூ நிறமாக, கோடு கோடாக வருகிறது.

வளர்ப்பு எல்.இ.டி விளக்கின் கீழே எடுத்திருக்கிறீர்கள். சிவப்பும் நீலமும் மட்டும் உள்ள விளக்கில் பச்சை எப்படித் தெரியும்? விளக்கை அணைத்து ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள், கோடும் போய்விடும்.

ஃப்ளைட்ராப் மூடுவதை வீடியோ எடுக்க வேண்டும். எத்தனை தடவை மூட வைக்கலாம்?

ஒரு தடவை. ஒவ்வொரு மடலிலும் பெரும்பாலும் மூன்று உணர்முடிகள் இருக்கும். சுமார் 20 நொடிக்குள் இரண்டு தொடுதல் நடந்தால் பொறி மூடும், நல்ல செடியில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில். வெறுமனே மூடிய பொறி திறக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். செலவான சக்திக்கு வரவு எதுவும் இல்லை. ஒரு பொறிக்கு வாழ்நாளில் சில மூடல்கள்தான் கணக்கு. குழந்தை விரல் பற்றி மேலே சொன்னதற்கும் இதுதான் காரணம்.

நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் சாதாரண வீடியோவில் அந்த அசைவு மூன்றே ஃபிரேமில் முடிந்துவிடும். போனில் 240 ஃபிரேம் வசதி இருந்தால் 24 ஃபிரேம் கிடைக்கும், மடல் குவிந்திருப்பது புரண்டு மாறுவதுகூடத் தெரியும். அந்த வேகத்துக்கு நிறைய வெளிச்சம் வேண்டும், அதனால் வெயிலில் வையுங்கள். ஃபோகஸைப் பூட்டி, ஓரிரு நிமிடம் ஒத்திகை பார்த்துவிட்டு, பழைய பொறி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நனைத்த ரத்தப்புழுவாலேயே முடியைத் தொடுங்கள். உங்களுக்குப் படம், செடிக்குச் சாப்பாடு.

டிரோசீரா இலை சுருள்வதை டைம்லாப்ஸ் எடுப்பது எப்படி?

பர்மானிக்கு டைம்லாப்ஸே தேவையில்லை. அதன் ஓர முடிகள் சில நொடியில் மடங்கிவிடும், சாதாரண வீடியோ போதும். நீள இலையுள்ள டிரோசீரா காபென்சிஸ் என்றால் பல மணி நேரம். 30 நொடிக்கு ஒரு படம் வீதம் ஆறு மணி நேரத்தில் 720 படம், 24 ஃபிரேமில் ஓட்டினால் 30 நொடி. ஜன்னல் வெளிச்சம் மேகத்தோடு மாறும் என்பதால் இதற்கு மட்டும் மேசை விளக்கு, திரையெல்லாம் மூடிய அறை. போனைச் சார்ஜரில் போட்டு, ஏரோபிளேன் மோடில் வையுங்கள்.

உயிருள்ள வண்டு, பட்டாம்பூச்சியைப் பிடித்துப் போட்டால் படம் நன்றாக வருமே?

நான் செய்வதில்லை. செடி தானாகப் பிடித்ததைத்தான் எடுக்கிறேன். காத்திருந்தால் எறும்பு, பழ ஈ, சின்ன அந்து என்று வந்துகொண்டேதான் இருக்கிறது. பட்டாம்பூச்சி மாட்டிய படம் பார்ப்பவர்களைக் கவரலாம், ஆனால் அந்தச் செடி எப்படி வாழ்கிறது என்பதைப் பற்றி அது பொய் சொல்கிறது. அவ்வளவு பெரிய இரை சின்ன இலையை அழுகவும் வைக்கும்.

ஜாடியின் விளிம்பு நீலமாக ஒளிர்வதாகக் கேள்விப்பட்டேன். வீட்டில் எடுக்க முடியுமா?

முடியும். நெப்பந்தஸ் கசியானா உள்ளிட்ட செடிகளின் பொறிகள் புறஊதா ஒளியில் நீலமாக ஒளிர்வதைத் திருவனந்தபுரம் பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். 365 நானோமீட்டர் புறஊதா டார்ச், முழு இருட்டு, ஸ்டாண்டில் போன், நீண்ட எக்ஸ்போஷர் இவ்வளவும் வேண்டும். டார்ச்சைக் கண்ணில் படாமல் பிடியுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். புதிதாகத் திறந்த ஜாடியில் முயற்சி செய்யுங்கள்.

அந்தக் கசியானாவையே வளர்க்கலாமா? இந்தியச் செடிதானே?

இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெப்பந்தஸ் அதுதான், மேகாலயாவில். காரோ மக்கள் அதை மேமாங் கோக்சி, அதாவது பேயின் கூடை என்கிறார்கள். சுரங்கத்தாலும் காட்டழிப்பாலும் பறித்து விற்றதாலும் குறைந்துபோய், இன்று 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலும், பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பிலும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். வேரில் காட்டு மண்ணோடு யாராவது விற்றால் வாங்காதீர்கள். வென்ட்ராட்டாவுக்கு இந்தச் சட்டச் சிக்கல் இல்லை.

நீலகிரியில் புல்வெளியில் டிரோசீரா பார்த்தேன். ஒரே ஒரு செடி எடுத்து வரலாமா?

வேண்டாம். அது பெரும்பாலும் டிரோசீரா பெல்டேட்டா. மழைக்காலத்தில் மெல்லிய தண்டோடு நிமிர்ந்து நிற்கும், வறட்சியில் மேலே எல்லாம் காய்ந்து மண்ணுக்கடியில் சின்னக் கிழங்காகக் காத்திருக்கும். பிடுங்கும்போது தண்டு கையோடு வந்துவிடும், கிழங்கு அங்கேயே அறுந்து நிற்கும். வந்தாலும் நம் சமவெளிச் சூட்டில் பிழைக்காது. வனத்துறை நிலமாக இருந்தால் சட்டப்படியும் தவறு.

அங்கேயே படமெடுங்கள். ஒரு பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துப்போங்கள், ஈரப் புல்லில் குப்புறப் படுக்க வேண்டியிருக்கும். படுப்பதற்கு முன் அடியில் வேறு செடி இருக்கிறதா என்று பாருங்கள், இது கூட்டமாக வளரும். ஒன்பது மணிக்குள் போனால் பனித்துளியும் பசைத்துளியும் சேர்ந்து நிற்கும். பனி புல் நுனியில் இருக்கும், பசை முடி நுனியில் இருக்கும். பத்தரை மணி வெயிலில் பனி போய்விடும், பசை அப்படியே நிற்கும். இரண்டு நேரத்திலும் ஒரே செடியை எடுத்து வாருங்கள்.